டைல்ஸ் வெட்டும் தூசியும் விடாத வறட்டு இருமலும்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையோடு கட்டடத் தொழிலாளி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 41. பதினேழு வருடமாக டைல்ஸ், கிரானைட் பதிக்கும் வேலை. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது ஆறு பேரை வைத்துக்கொண்டு உள்ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார். இப்போது நடப்பது நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் உள்வேலை.

ஏழெட்டு மாதமாக அவருக்கு வறட்டு இருமல். மூன்றாவது மாடிக்கு ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருமல் மருந்து குடித்தும் நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்களாம். வெட்டும் வேலை முழுவதையும் 22 வயதுப் பையன் ஒருவன் செய்கிறான். அடுத்த அறைக்குத் தூசி போகக்கூடாது என்று கதவை மூடிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறான். தண்ணீர் விட்டு வெட்டலாம் என்றால் சைட் இன்ஜினியர், "சுவர் கறைபடும், ஷாக் அடிக்கும்" என்று தடுக்கிறார். பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டிருக்கிறார். பச்சை வலை கட்டியிருக்கிறோமே, அதற்கு மேல் என்ன செய்வது என்பது இன்ஜினியரின் பதில். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி வேலைத் துணியை உதறித் துவைக்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

அவர் கேட்பது மூன்று. தூசி சளியோடு வெளியே போய்விடாதா? வேலையையே விட்டுவிட வேண்டுமா? தூசியைப் பற்றி மேலே பேசினால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகுமே, அதற்கு என்ன வழி?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது உங்கள் இருமலைவிட, கதவை மூடிக்கொண்டு வெட்டும் அந்தப் பையன்தான் என் மனதில் நின்றான். அவனைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் உங்கள் நெஞ்சைப் பார்ப்போம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் அது மருத்துவம் ஆகாது. ஆனாலும் பதினேழு வருடம் கல் தூசியில் இருந்தவருக்கு மாதக்கணக்கில் இருமல், படியேறினால் இரைப்பு என்றால் அதை இருமல் மருந்தோடு விட்டுவிடக் கூடாது. கல் தூசியால் நுரையீரலில் தழும்பு கட்டும் சிலிகோசிஸ், காசநோய், மூச்சுக்குழாய் அடைப்பு நோய் ஆகிய மூன்றையும் நான் சந்தேகப்படுவேன். மூன்றும் தனித்தனியாகத்தான் வரும் என்றும் இல்லை. கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா என்ற தாதுப்பொருள் படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி சுலபமாக வேரூன்றும்.

சளியோடு எது போகும், எது போகாது

நீங்கள் நம்புவதில் பாதி சரி. பெரிய துகள்களை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மாலையில் மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வருகிறதே, அது அப்படிப் பிடிபட்ட தூசிதான்.

பிளேடிலிருந்து பறப்பதில் ஒரு பகுதி இந்தக் காவலுக்குச் சிக்காது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நான்கைந்து மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் நுரையீரலின் கடைசி நுனியில் இருக்கும் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே மயிரிழைகள் கிடையாது. துப்புரவு வேலை செய்யும் செல்கள் உண்டு. அவை துகளை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். படிகச் சிலிக்கா செரிக்காது. விழுங்கிய செல்தான் சாகும். செத்த செல்லிலிருந்து வெளியே விழுந்த அதே துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். இது நடந்த இடத்தில் எல்லாம் தழும்பு கட்டிக்கொண்டே போகும். தழும்பேறிய நுரையீரல் சரியாக விரிந்து சுருங்காது. இதுதான் சிலிகோசிஸ். தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரக்கூடும். போதாததற்கு, வேலையிடத்தில் மூச்சோடு உள்ளே போகும் படிகச் சிலிக்காவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் வகைப் பொருட்களில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சேர்த்துவிட்டது.

எவ்வளவு தூசி போனால் ஆபத்து என்று கேட்பீர்கள். அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா. உடலுழைப்பில் இருப்பவர் ஒரு வேலைநாளில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதற்கும் சேர்த்து அரை மில்லிகிராம். கொஞ்சம் தூள் உப்பை உள்ளங்கையில் போட்டு, அதில் எட்டுப் பத்துக் குருணையை விரல்நுனியால் தனியே ஒதுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் எடை. ஒரு டைல்ஸை உலர வெட்டினால் தரையில் விழும் மாவை நினைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் சிலிக்கா மிகக் குறைவு, பொதுவாக நூற்றுக்கு இரண்டு பங்குதான். கிரானைட்டில் நூற்றுக்கு முப்பது பங்கு சாதாரணம். டைல்ஸில் அதே அளவோ இன்னும் கொஞ்சம் கூடவோ இருக்கும். கான்கிரீட்டிலும் கலவையிலும் 25 முதல் 70 பங்கு வரை போகும். சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் தொண்ணூறைத் தாண்டுவதும் உண்டு. அதை வெட்டிய இளைஞர்கள் சில வருடங்களிலேயே நோயாளிகளாகி வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. உங்கள் சைட்டுக்கு அது வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். பையன் வெட்டி முடித்து ஒரு கால் மணி நேரம் போகட்டும். 'தூசி அடங்கிவிட்டது' என்று தோன்றும் நேரத்தில் நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய், அறையை இருட்டாக்கி, வெளிச்சம் கூடுதலான டார்ச் ஒன்றை எதிர்ச் சுவரோரம் உங்களைப் பார்த்து எரியும்படி வையுங்கள். டார்ச்சின் முகம் நேராகக் கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒளி வரும் பாதையை மட்டும் பாருங்கள். புகை மாதிரி மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு சைட்டில் தொழிலாளர்களோடு இதைச் செய்து காட்டியபோது, அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் மெல்ல, "இதையா நாங்கள் இத்தனை நாள் இழுத்தோம்?" என்றார்.

அது அப்படி நிற்பதற்குக் காரணம் துகளின் அளவுதான். அசைவில்லாத காற்றில் 10 மைக்ரான் கல்துகள் ஒன்று மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர மூன்று நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஐந்து மணி நேரம் வேண்டும். காலையில் வெட்டியது மதியமும் அதே அறையில் மிதந்துகொண்டிருக்கிறது. கதவை மூடியதால் அடுத்த அறை தப்பித்தது, பையன் மாட்டிக்கொண்டான்.

மருத்துவமனைக்குப் போகும்போது

இந்த வாரமே போங்கள். நுரையீரல் மருத்துவர் கிடைத்தால் நல்லது. உள்ளே நுழைந்ததும், "கட்டட வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பதினேழு வருடமாக டைல்ஸும் கிரானைட்டும் வெட்டும் இடத்தில் இருக்கிறேன், பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் விதமே மாறும். தொழிலைக் கேட்காமல் மருந்து எழுதுவது எங்கள் பக்கத்தில் நடக்கும் தவறு. நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தத் தவறுக்கு இடம் இருக்காது.

புதிதாக மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பழைய படத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை வேண்டும். காசநோய்க்குச் சளிப் பரிசோதனை வேண்டும். சளி வராத வறட்டு இருமல் என்றால் அதற்கும் வழி உண்டு, மருத்துவர் சொல்வார். எக்ஸ்ரேயில் தெளிவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் கேட்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த படம் நன்றாக இருந்தது என்பதில் நிம்மதி அடைய வேண்டாம். இந்த நோய் படத்தில் தெரிய வருடங்கள் பிடிக்கும்.

இருமலில் ரத்தம், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். புகைப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை நிறுத்துவதுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் மருந்து. கல் தூசியும் புகையும் சேரும்போது நுரையீரலுக்கு இரட்டை அடி.

இன்னொரு வேலையும் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினேழு வருடக் கதையை எழுதிவையுங்கள். எந்த வருடம், யாரிடம், எந்தக் கட்டடம், என்ன கல், தண்ணீர் இருந்ததா, எத்தனை மாதம் என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. பல நாடுகளின் சட்டம் இதற்கு நஷ்டஈடு தருகிறது. பரிசோதனையில் நோய் உறுதியானால், 'இது வேலையால் வந்தது' என்று நிறுவ இந்த நோட்டுப் புத்தகமும் மருத்துவச் சீட்டுகளும்தான் உதவும். நோய் வந்த பிறகு பழைய முதலாளிகளைத் தேடிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர்கூட நினைவில் இல்லாமல் தவித்தார்கள்.

சரி, வேலையை விட வேண்டுமா? சோதனை முடிவு வரும்வரை அதை முடிவு செய்யாதீர்கள். ஆனால் வெட்டும் அறைக்குள் போவதை இன்றே நிறுத்துங்கள். சிலிகோசிஸ் என்று தெரிந்தால் தூசியை விட்டு விலகித்தான் ஆக வேண்டும், அதில் சமரசம் இல்லை. தூசியை விடுவதென்றால் தொழிலையே விடுவது என்று அர்த்தமில்லை. அளவெடுப்பது, கணக்குப் போடுவது, வெளியில் ஈரமாக வெட்டிக் கொண்டுவந்த டைல்ஸைப் பதிப்பது, வேலை வாங்குவது எல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலைகள்தான். பதினேழு வருட அனுபவம் உங்கள் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அதற்காக நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீரா, தூசி உறிஞ்சியா, இன்ஜினியர் சொல்வது சரியா

தூசியைக் காற்றில் கலக்கவிட்ட பிறகு விரட்டிப் பிடிக்க யாராலும் முடியாது. பிளேடு கல்லைத் தொடும் அந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும். நான் கீழே எழுதும் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

வெட்டையே குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அறையின் அளவைப் பார்த்து டைல்ஸ் வரிசையைத் திட்டமிட்டால் பாதி வெட்டு மிச்சமாகும், இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்வெட்டுக்கு மெஷினே வேண்டாம். கையால் கீறி உடைக்கும் டைல் கட்டர் போதும். அதில் பறக்கும் தூசி மிகக் கொஞ்சம், மின்சாரமும் இல்லை. மூலைக்கும் குழாய் ஓட்டைக்கும் கிரானைட்டுக்கும் மட்டும் மெஷினை எடுங்கள்.

மெஷின் எடுத்தால் தண்ணீர் கட்டாயம். அதுவும் எப்போதாவது ஒரு குவளை ஊற்றினால் போதாது. வெட்டு தொடங்குவதிலிருந்து முடியும்வரை பிளேடின் மேல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கையில் பிடித்து வெட்டும் பெரிய மெஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. கையால் காற்றடிக்கும் தெளிப்பானை மெஷினின் குழாயோடு இணைத்தால் இந்த அளவு வரும். இதைச் சரியாகச் செய்தால் காற்றில் கலக்கும் தூசியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை அங்கேயே அடக்கிவிடலாம். டார்ச் சோதனையைத் தண்ணீரோடும் ஒருமுறை செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தண்ணீர் ஒன்றைத் தவிர்த்ததற்கு மனிதர்கள் கொடுத்த விலையை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1930-31இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று உலரவே துளை போட்டார்கள். முகக்கவசமும் கொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள். பலர் சில மாதங்களிலேயே போய்விட்டார்கள். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி அடங்கும் என்பது அன்றே தெரிந்த விஷயம்தான்.

இன்ஜினியர் சொல்லும் ஷாக் பயத்தை ஒதுக்கிவிட வேண்டாம், அவர் சொல்வது நியாயமான பயம். சாதாரணக் கை கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி வெட்டுவது உயிரோடு விளையாடுவது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தண்ணீரோடு வெட்டுவதற்கென்றே செய்த மெஷின் வேண்டும். அது போகும் மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். ஒயரும் பிளக்கும் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. காலையில் வேலை தொடங்கும் முன் அந்தச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

சுவர் கறைபடும் என்பதற்கு விடை இன்னும் சுலபம். பூச்சு முடிந்த அறைக்குள் எதற்கு வெட்ட வேண்டும்? காற்றோட்டமான திறந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு வெட்டும் மேடை போடுங்கள். அடியில் தட்டு வையுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து தூசியை முன்னால் தள்ளும்படி பையன் நிற்கட்டும். அறைகளில் அளவெடுத்துக் குறித்து, மொத்தமாகக் கொண்டுவந்து வெட்டி எடுத்துப் போகலாம். நடை கூடும் என்பது உண்மை. ஒவ்வொரு அறையிலும் மெஷினை மாற்றி வைக்கும் நேரமும், தூசி படிந்த ஜன்னலையும் சுவரையும் திரும்பத் துடைக்கும் நேரமும் அதில் மிச்சமாகிவிடும். தட்டில் தேங்கும் சேற்றை மட்டும் காயவிடாதீர்கள். காய்ந்தால் அது மறுபடியும் அதே தூசிதான். ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள்.

அறைக்குள் வெட்டியே ஆக வேண்டும், தண்ணீருக்கும் வழியில்லை என்றால், பிளேடைச் சுற்றி உறை போட்டு நேராக உறிஞ்சியோடு இணைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. சுவரில் ஒயர் காடி வெட்டும் எலக்ட்ரீஷியன்களுக்கும், பட்டி தேய்ப்பவர்களுக்கும் இதுதான் ஏற்றது. உறிஞ்சி கட்டடத் தூசிக்கென்று செய்ததாக, நுண்துகளை நிறுத்தும் வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பயன்படுத்தும் சாதாரண உறிஞ்சி, முன்பக்கம் இழுத்த நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும்.

துடைப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, மாலையில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்ததெல்லாம் மறுபடி எழும். பெருக்கும் அந்த அம்மாவுக்கு யாரும் முகக்கவசம் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். நன்றாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு அள்ளட்டும், அல்லது உறிஞ்சியால் எடுக்கட்டும். கம்ப்ரஸர் காற்றால் தரையையோ சட்டையையோ ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அறைக்குள் மின்விசிறி வைப்பதும் தூசியை ஒருவர் மூக்கிலிருந்து இன்னொருவர் மூக்குக்கு அனுப்புவதுதான். விசிறி வைத்தால் ஜன்னலில், வெளிப்பக்கம் தள்ளும்படி வையுங்கள்.

பழைய கட்டடத்தை இடிக்கும் வேலை எப்போதாவது வந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய சிமென்ட் கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். அதற்குத் தனி முறையும் தனி ஆட்களும் வேண்டும்.

துண்டும் முகக்கவசமும்

மூக்கில் கட்டும் துண்டு மணலைத் தடுக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் துகள் துணியின் இழைக்கு நடுவில் தாராளமாக நுழைந்துவிடும். துண்டைக் கட்டியதும் 'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அதுதான் இன்னும் மோசம். N95 அல்லது FFP2 என்று முத்திரை உள்ள கவசம்தான் குறைந்தபட்சம். இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். மூக்குத் தண்டின் மேல் உள்ள கம்பியை இரு கை விரலாலும் அழுத்திப் படிய வைக்க வேண்டும். உள்ளங்கைகளால் கவசத்தை மூடிக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்தக் கவசமும் பொருந்தாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மழிப்பவருக்குக்கூட இரண்டாம் நாள் கசியும்.

ஆனாலும் கவசத்தைக் கடைசிக் காவலாகத்தான் நினைக்க வேண்டும். வியர்வையில் நனையும், பேசுவதற்குக் கீழே இழுப்பார்கள், தண்ணீர் குடிக்கக் கழற்றுவார்கள். தண்ணீரும் உறிஞ்சியும் தூசியைக் குறைத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் கவசம். மூடிய அறையில் உலர வெட்டும் பையனுக்கு ஒரு N95 மட்டும் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பேசினால் ஒப்பந்தம் போய்விடுமா

இங்கே ஒரு விஷயத்தை மென்மையாகத் திருத்த வேண்டியிருக்கிறது. கடிதம் முழுக்க உங்களை ஒரு தொழிலாளியாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு பேருக்கு நீங்கள்தான் முதலாளி. உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் எங்கே நின்று, எதை வைத்து வெட்ட வேண்டும் என்று சொல்பவர் நீங்கள். சட்டமும் பல இடங்களில் அப்படித்தான் பார்க்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்ஜினியர் சம்மதிக்காமலேயே மாற்றக்கூடியவை உங்கள் கையில் நிறைய இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன். கை கட்டர், வெட்டும் இடம், ஈரப் பெருக்கல், முகக்கவசம், இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உரிமை என்று பார்த்தால், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் வருட 155ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்கிறது. உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2022இல் அந்த அமைப்பு, பாதுகாப்பான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இது அந்தந்த நாட்டுச் சட்டத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறை ஆய்வாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமை இருந்தாலும் உங்கள் பயம் பொய்யாகிவிடாது. தனி ஆளாக முதல் நாளே புகார் எழுதினால் அடுத்த வேலை கிடைக்காமல் போகலாம், அதை நான் மறைக்க விரும்பவில்லை. எலக்ட்ரீஷியன், பெயின்டர், கொத்தனார் எல்லாரும் அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். புகாராகத் தொடங்காமல், "வெட்டும் மேடையை வெளியே போடுகிறேன், தண்ணீர் இணைப்பும் பாதுகாப்பு சுவிட்சும் கொடுங்கள், சுவரில் ஒரு சொட்டுக் கறை படாது" என்று தொடங்குங்கள். ஒரு அறைக்குச் செய்து காட்டுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஈரவெட்டு, உறிஞ்சி, முகக்கவசம் ஆகியவற்றின் செலவைத் தனி வரியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது கேட்பதைவிட அது சுலபம். இவ்வளவுக்குப் பிறகும் உலரத்தான் வெட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், சொன்ன தேதியையும் சொன்னவர் பெயரையும் எழுதிவைத்துக்கொண்டு ஆய்வாளரிடம் போகலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷயத்தில் அவர் கோபம் நியாயமானது. பச்சை வலை காற்றின் வேகத்தைக் குறைக்கும், பெரிய தூசியையும் விழும் துண்டுகளையும் பிடிக்கும். நுண்தூசி அதன் கண்களில் தடையில்லாமல் போகும். வெட்டும் மேடையை மறுபக்கம் மாற்றினாலே அவருக்குப் பாதி ஆறுதல். மணல், ஜல்லிக் குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள், வண்டி வரும் பாதையைக் காலையில் ஒருமுறை மட்டும் நனைக்காமல் காயக் காய நனையுங்கள், சிமென்ட் மூட்டையை உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். தூசி கிளம்பும் வேலை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும், மூச்சு மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளவும் அவருக்கு நேரம் கிடைக்கும்.

வீட்டுக்கு வேலைத் துணியோடு போகாதீர்கள். சைட்டிலேயே கழுவி, மாற்றுத் துணி போட்டுக்கொண்டு, அழுக்குத் துணியைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள். உதறாமல் அப்படியே தண்ணீரில் அமிழ்த்தச் சொல்லுங்கள். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வது நீங்கள் குளித்த பிறகு இருக்கட்டும்.

இப்போது அந்தப் பையன். சிலிகோசிஸ் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வரும் நோய். தூசி மிக அதிகமாக இருந்தால் ஐந்து வருடத்தில் வரும், இன்னும் கடுமையாக இருந்தால் மாதங்களிலேயே வந்துவிடும். மூடிய அறையில் தினமும் உலர வெட்டுகிறவனுக்கு நீண்ட அவகாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அவனுக்கு இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்றும் ஆகாது.

ஆகவே நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் அன்று அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கும் எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். படம் நன்றாக வந்தாலும் அதைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி உறையில் போட்டுத் தன் வீட்டிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வருடங்கள் கழித்து அவன் எந்த சைட்டில் யாரிடம் வேலை பார்த்தாலும், அன்று எடுக்கும் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனிடம் இந்தப் படம் இருக்க வேண்டும்.